வாயை மட்டும் அசைங்க அக்கா

முதலாவது குறிப்பு, நன்றியுள்ள இருதயம் முறுமுறுக்காது. சொல்லிட்டு எங்க சபை ஐயர் ஒரு மடக்கு தண்ணி குடிக்காரு. முறுமுறுக்காதாம்லா. நான் முறுமுறுக்கத்தான் செய்வேன் ஐயரே, நீங்க அங்கன பிரசங்க பீடத்துல நின்னு சொல்லுங்க, நான் இங்கன கொயர் பெஞ்சுல உக்காந்து உள்ளுக்குள்ள முறுமுறுக்கேன், யாருக்கு என்ன நட்டம், சத்தம் வெளிய வராதுல்லா, அதானே இன்னைக்கு எல்லாருக்கும் வேணும். வாயை மட்டும் அசைங்கன்னு சொல்லிட்டானே. ஆராதனை மணி அடிக்கதுக்குக் கொஞ்சம் முந்தி, அங்கி மாத்துத ரூம்ல, கழுத்துக் கொக்கி விழலன்னு நான் போராடிக்கிட்டு நிக்கேன், சாம்ராஜ் பக்கத்துல வந்து நிக்கான். எங்க கொயர் மாஸ்டர். இப்போ மாஸ்டர், ஒரு காலத்துல சண்டே ஸ்கூல்ல மூக்கொழுக எனக்கு முன்னால நின்னு வசனம் ஒப்பிச்ச பய. பாட்டுத் தாளைக் கையில உருட்டி வச்சிக்கிட்டு, மொகத்துல ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பைப் பாத்தாலே தெரியும் என்னமோ பிடுங்கப் போறான்னு. “அக்கா, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு யூடியூப்ல லைவ் போகுது. அறுப்பின் பண்டிகைப் பாட்டுக்கு நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும்.” போதுமாம். இலையில ரசம் ஊத்துதவன்ட்ட கையைக் காட்டுத மாதிரி, போதும். தப்பா நினைக்காதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டா பெறகு என்னத்தையும் சொல்லலாம் போல, கன்னத்துல ஒண்ணு விட்டுட்டுக்கூட தப்பா நினைக்காதீங்கன்னு சொல்லலாம். சரி, அவன் சொன்னான். நான் என்ன சொன்னேன். சரி தம்பின்னேன். அரைக் கிலோ வெண்டைக்காயில நாலு முத்தல் கிடந்தா தெருவே கேக்கச் சண்டை போடுதவ நான், சரி தம்பின்னுட்டு, கொக்கியைக்கூட மாட்டாம வந்து உக்காந்துட்டேன். அங்கி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கிடக்கு.

பாடத் தெரியாம இருந்த இருபது வருஷமும் ஒருத்தர் வாயில இருந்து ஒரு வார்த்தை வரல. பாடப் படிச்ச பெறகு வந்து சொல்லுதான், பாடாதீங்கன்னு. இந்த அநியாயத்தை எங்க போயிச் சொல்ல. எங்க வீட்டுக்காரர், அவிய சபைச் செக்ரட்டரியா இருந்த வரைக்கும் என் குரலுக்கு ஒரு குறையும் இல்ல. கீபோர்டுக்கு ஸ்டாண்டு வேணும், நல்ல மைக் வேணும், கொயருக்குப் புது அங்கி தைக்கணும், எல்லாத்துக்கும் அவிய கையெழுத்துப் போடணும்லா, அப்போ சுகிர்தாக்கா முன் வரிசைக்கு வாங்க, சுகிர்தாக்கா நீங்க இல்லாம மேல்குரல் சொப்ரானோவா. இந்த வருஷம் சபைத் தேர்தல்ல அவிய தோத்தாவ, என் சுருதியும் சேந்து தோத்துட்டு. எனக்கே தெரியாதுல்லா அது வரைக்கும். சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாவ. சுருதி விட்டுப் பாடுதவளுக்கு அது மட்டும்தான் தெரியாது, தெரிஞ்சா பாடுவாளா. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் கொயர் வாட்ஸ்அப் குரூப்புல வீடியோ வந்துச்சு, அடுப்புல பாலை வச்சிட்டுப் பாக்கேன். எல்லாக் குரலுக்கும் மேல ஒரு குரல், கூட்டத்தோட சேராம, கயித்தை அத்துக்கிட்டுப் போற ஆடு கணக்கா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பியூலா மயினிக்குப் போன் போட்டேன். மயினின்னா எங்க வீட்டு அவியளுக்கு அக்கா, கொயர்ல எனக்குப் பக்கத்துல நிக்கவ, சபையிலயே நல்ல குரல். யாரு மயினி இது இப்பிடி இழுக்கது, புதுசா சேந்த பிள்ளையான்னு கேட்டேன். தெரியலயே சுகிர்தான்னு இழுத்தாவ. அவிய அதைச் சொன்ன விதத்துலதான் எனக்குத் தெரிஞ்சுது. திரும்பப் போட்டுப் பாத்தேன். அந்தக் குரல் மூச்சு விடுத இடத்துல என் வாய் மூடுது. அது தொடங்குத இடத்துல என் வாய் திறக்குது. பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சு, கேஸ் வாடை வந்த பெறகுதான் எந்திரிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி ஒவ்வொண்ணா வந்து நிக்குது எனக்கு முன்னால. பாட்டுல உச்சம் வரும்போதெல்லாம் மயினி முழங்கையால என்னைப் பைய இடிப்பாவ. எனக்கு அது எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா, ரெண்டு பேரும் சேந்து மேல போறோம், மயினிக்கு என் மேல பாசம், அதான் இடிக்காவன்னு இருந்தேன். நானும் திரும்ப இடிச்சிருக்கேன். சிரிச்சிக்கிட்டே இடிச்சிருக்கேன். சத்தத்தைக் குறைளான்னு இடிச்சிருக்காவ, ரேடியோவுல திருகுத மாதிரி, இத்தனை வருஷமா. வீட்டு ஜெபத்துல எங்க வீட்டு அவிய பாட்டை எடுக்கும்போது ஏன் அப்பிடிக் கத்தி எடுக்காவ, பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாவன்னு நான் கேப்பேன், பக்தி வந்தா அப்பிடித்தான் ஏளாம்பாவ. பக்தியாம் பக்தி. என் குரலை அமுக்கதுக்குக் கத்திருக்காவ மனுசன். இது எல்லாத்தையும் விட ஷீபா. என் மக, இப்போ மஸ்கட்ல இருக்கா. ஒரு வயசுப் பிள்ளையில அவளைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தாலாட்டுனா கையை எடுத்து என் வாயைப் பொத்துவா. எவ்வளவு அழகா இருக்கும். வந்தவ போனவ எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன், எம் பிள்ளைக்கு அம்மா மேல எம்புட்டு ஆசை பாத்தியளா, பாடும்போது வாயைத் தொட்டுத் தொட்டுப் பாக்கான்னு. கேட்டவிய எல்லாரும் சிரிச்சாவ. இப்போதான் தெரியுது எதுக்குச் சிரிச்சாவன்னு. பேச்சு வராத பிள்ளை சொல்லிருக்கு, பேச்சு வந்த ஒருத்தரும் சொல்லல. மனசு கஷ்டப்படும்னு சொல்லலையாம். மயினி பெறகு ஒரு நாள் அப்பிடித்தான் சொன்னாவ, உன் மனசு கஷ்டப்படுமேன்னு. என் மனசை என்னை விட்டுட்டு எல்லாரும் பங்கு போட்டுப் பாத்துக்கிட்டாவ. ஒரு நாள், ஒரே ஒரு நாள், சுகிர்தா உனக்குச் சுருதி நிக்கல, வீட்டுல இருந்து பழகுன்னு சொல்லிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு மூணாம் நாள் பழகிருக்க மாட்டேனா, முப்பத்தஞ்சு வயசுலயே பழகிருப்பேன்.

இரண்டாவது குறிப்பு, நன்றியுள்ள இருதயம் தன் இடத்தை அறியும். ஐயரும் சாம்ராஜும் பேசி வச்சிக்கிட்டுத்தான் வந்தாவளோ. என் இடம் எனக்குத் தெரியும். அடுப்படியில கிரைண்டருக்குப் பக்கத்துல, அங்கனதான் படிச்சேன். ஷீபாதான் மஸ்கட்ல இருந்து லிங்க் அனுப்பி என் போன்ல ஒரு ஆப்பை ஏத்த வச்சா. நான் பாடுனா ஒரு முள்ளு ஆடும், சுருதி சரியா இருந்தா பச்சை, இல்லைன்னா சிவப்பு. முதல் ரெண்டு வாரம் சிவப்பைத் தவிர வேற நிறத்தை நான் பாக்கல. போனைத் தூக்கிக் கிணத்துல போடுவோமான்னு இருந்துச்சு. பெறகு ஒரு சனிக்கிழமை, மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன், கிரைண்டர் ஊஊன்னு ஒரே சத்தத்துல சுத்துது, சும்மா அதுகூட ஆன்னு இழுத்துப் பாத்தேன். என் சத்தமும் அது சத்தமும் மோதி நெஞ்சுக்குள்ள டர்ருடர்ருன்னு உதறுது. பைய மேல ஏத்துனேன், உதறல் கூடுச்சு. பைய இறக்குனேன், உதறல் குறைஞ்சு குறைஞ்சு, ஒரு இடத்துல நின்னே போச்சு. என் சத்தத்தையே காணோம். கிரைண்டருக்குள்ள போயிட்டு. தொண்டையில இருந்து வருது, ஆனா காதுல தனியா கேக்கல. மாவு ஒட்டுன கையோட அழுதுட்டேன். அம்பத்தாறு வயசுல, அடுப்படியில, ஒருத்தியும் பாக்காம, நான் முதல் தடவையா சேந்து பாடுனேன், ஒரு மெஷினோட சேந்துதான், இருந்தாலும் சேந்துதானே. அதுக்குப் பெறகு விடல. மிக்சி, மோட்டார், கோயில் ஃபேன், எது சுத்துனாலும் அதுகூட ஆ. எங்க வீட்டு அவிய வந்து, ஏளா கிரைண்டர் பேரிங் போச்சா, ஒரு மாதிரி ஊளையிடுதுன்னு கேட்டாவ. ஆமா போச்சுன்னேன். ஆப்புல பச்சை வர ஆரம்பிச்சுது. முதல்ல கண்ணடிச்சிட்டுப் போகும், பெறகு நின்னு எரியும். ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போனாலும் பச்சை. பண்டிகைப் பாட்டு முழுசும் பச்சையில பாடி ஷீபாவுக்கு அனுப்புனேன். அவ உடனே கூப்பிட்டா, அம்மா, இது நீதானான்னு கேட்டா. நேத்து ராத்திரி நான்தான் சொன்னேன் அவட்ட, நாளைக்கு லைவ்ல கேளுட்டி, அம்மா குரலைக் கேளுன்னு. இப்போ அங்க போனை முன்னால வச்சிக்கிட்டு உக்காந்துருப்பா. கேக்க என்ன இருக்கு, அம்மா வாய் அசையுததைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

பாடிட்டா என்ன செய்வான் சாம்ராஜ். நடுப் பாட்டுல வந்து வாயைப் பொத்துவானா. பாடத்தான் போறேன். சரி தம்பின்னு சொன்னது சொன்னதுதான், அது அங்கி ரூம்ல சொன்னது, இது கோயில். ஆனா புதன்கிழமை பிராக்டீஸ்ல என்ன ஆச்சு. எங்க கொயர்ல ஒரு வழக்கம் உண்டு, பண்டிகைப் பாட்டுல ரெண்டாவது சரணத்துக்குக் கீபோர்டு கிடையாது, வெறும் குரல்தான். முன்னால எல்லாம் ஆராதனை நடுவுல கரண்டு போயிரும், ஆர்கன் நின்னு போகும், ஆனா பாட்டு நிக்கக் கூடாதுன்னு அப்பிடியே பாடுவாவ. அது கேக்க நல்லா இருக்குன்னு சனங்க சொல்லிச் சொல்லி, இப்போ இன்வெர்ட்டர் வந்த பெறகும் அந்த ஒரு சரணத்தை அப்பிடியே விட்டு வச்சிருக்கு. மூணாவது சரணத்துல கீபோர்டு திரும்பச் சேரணும். புதன்கிழமை சேரல. கீபோர்டு ஒரு இடத்துல, நாங்க அதுக்குக் கீழ ஒரு இடத்துல. சாம்ராஜ் கையைக் காட்டி நிறுத்திட்டு, யாரோ இறங்குதீங்கன்னான். யாரும் என்னைப் பாக்கல. அதான் கொடுமை, அத்தனை பேரும் அவிய அவிய தாளைப் பாத்தாவ. நான் வீட்டுக்குப் போயி ஆப்பைப் போட்டுப் பாடுனேன், பச்சைதான். ஆனா வீட்டுல நான் மட்டும். ஆள் நடுவுல நின்னா காது எனக்கு மாறிப் போகுதோ என்னமோ, இருபது வருஷம் ஏமாத்துன காதுதானே இது, ஆறு மாசத்துல யோக்கியமா ஆயிருமா. நானே நல்லா இருக்கேன்னு நினைச்சிக்கிட்டு இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேனோ. ஷீபாகூட பாவம்னு நினைச்சு சொல்லிருப்பாளோ, எல்லாரையும் மாதிரி. ஆண்கள் பக்கம் அவிய மூணாவது தூணுக்கு அந்தப் பக்கமா வாயைப் பொளந்து தூங்குதாவ. செக்ரட்டரியா இருந்தப்போ பிரசங்கத்துல ஒரு நாளும் தூங்குனது கிடையாது. மூணாவது குறிப்பு, நன்றியுள்ள இருதயம் துதியினால் வாயை நிரப்பும். நிரப்பும் நிரப்பும். பூசணிக்காயும் வாழைத்தாரும் கரும்புமா பலிபீடத்துக்கு முன்னால குவிச்சிருக்கு, பழுத்த கொய்யாப்பழ வாடை மூக்கைத் துளைக்குது, அங்கிக்குள்ள வேர்வை முதுகோட ஓடுது. பாடணும். இப்போ பாடலைன்னா இனி ஒரு காலத்துலயும் பாட விட மாட்டாவ, வாயசைக்கவளாவே வச்சிருப்பாவ, பெறகு ஒரு நாள் வயசாயிட்டுன்னு சொல்லி அதையும் நிறுத்துவாவ. எல்லாரும் ஜெபத்துக்குத் தலை குனியுதாவ. ஐயர் ஆமென் சொல்லிட்டாரு.

எந்திரிச்சாச்சு. கேமரா வச்சிருக்கவன் எங்க பக்கமா திருப்புதான். ஜெபசிங் சார் கீபோர்டுல சுருதி குடுக்காரு, சாம்ராஜ் கையைத் தூக்குதான், மூச்சை இழுக்கேன், பல்லவி தொடங்குது, நான் வாயைத் திறக்கேன், சத்தம் வரல. நான் விடல அதை. பயந்துட்டேன். இத்தனை கோவத்தையும் வச்சிக்கிட்டு, கடைசியில பயந்துட்டேன். சீ, என்ன பொம்பள நான். நாக்கு அசையுது, உதடு அசையுது, பல்லுக்கு நடுவுல காத்து மட்டும் போகுது. எச்சில் காஞ்சு போகுது. சாம்ராஜ் என்னைப் பாத்துத் திருப்தியாத் தலையை ஆட்டுதான். முதல் சரணமும் போயிட்டு, எனக்கு அழுகை முட்டுது. அழக்கூடாது, லைவ் போகுது. ரெண்டாவது சரணம் வருது, ஜெபசிங் சார் கையைக் கீபோர்டுல இருந்து எடுத்து மடியில வச்சிக்கிடுதாரு. வெறும் குரல். இந்த இடத்துல நான் பாடாம ஒரு நாளும் நின்னது கிடையாது, அதனால இது வெறுமன எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. கேக்கேன். கீபோர்டு விட்டுட்டுப் போன சுருதி என் காதுக்குள்ள இன்னும் நிக்குது, நிக்கத்தானே ஆறு மாசம் பழக்கிருக்கேன். முதல் வரி அதுலதான் இருக்கு. ரெண்டாவது வரியில என்னமோ இளகுது. என் காதுதான் மாறுதோன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கேக்கேன், இல்ல, மாறல, மயினிதான் இறங்குதாவ. பைய, நோகாம, அழகா இறங்குதாவ, அவிய குரலை நம்பி மத்தவிய எல்லாரும் பின்னாலயே இறங்குதாவ. ஈரத் துணி பாரத்துக்குக் கொடிக் கயிறு தொய்யுத மாதிரி மொத்தப் பாட்டும் தொய்யுது. ஒருத்தருக்கும் தெரியல. எல்லாரும் சேந்து இறங்குதாவல்லா, ஒருத்தர் கூட ஒருத்தர் ஒத்துப் போகுது, அப்போ எப்பிடித் தெரியும். நான் பாடல. நான்தான் பாடவே இல்லையே. நான் இல்லாமலே இறங்குதே. வீடியோவுல இழுத்தது நான்தான், அதை என் காதால கேட்டேன், இல்லைன்னு சொல்லல. ஆனா இது. இந்த ரெண்டாவது சரணம். இது கீழ போகுதப்பல்லாம் தாளைப் பாத்தியளே, எல்லாரும், புதன்கிழமை பாத்தியளே, இத்தனை வருஷமும் பாத்துருப்பியளே. எனக்குத் தலையெல்லாம் கொதிக்குது.

சரணம் முடியுது. ஜெபசிங் சார் கையை வைக்காரு. கீபோர்டு அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கு, கொயர் அதுக்குக் கீழ கிடக்கு, ரெண்டும் மோதி ஒரு சத்தம், முன் பெஞ்சுல இருக்க ஒரு பொம்பளை மொகத்தைச் சுளிக்கா. சாம்ராஜ் தலை திரும்புது. யாரைப் பாக்கான். என்னைத்தான் பாக்கான். நேரா, யோசிக்காம, என்னைப் பாத்து உள்ளங்கையைக் கீழ காட்டி, குறைங்க குறைங்கன்னு சைகை காட்டுதான். அவன் சொன்னான்னு என் வாய் இன்னும் அசைஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு. மூடுதேன். நல்லா இறுக்கி, உதட்டோட உதட்டை ஒட்டி, அவன் பாக்க, கேமரா பாக்க மூடிக்கிட்டு, அவன் கண்ணையே பாக்கேன். பாருலே. நல்லாப் பாரு. மூடின வாய்க்கு முன்னால அந்த மோதுத சத்தம் அப்பிடியே கேட்டுக்கிட்டு இருக்கு. அவன் கை அங்கனயே நிக்குது, கீழ இறக்கவும் தெரியல, எடுக்கவும் தெரியல. அவன் மொகத்துல அது பைய ஏறுதது எனக்குத் தெரியுது. மயினியைப் பாக்கான், திரும்ப என் வாயைப் பாக்கான். எனக்கு இப்போ பயம் இல்ல. அடுத்த வரி வருது, எல்லாரும் மேலயா கீழயான்னு தெரியாமத் தடுமாறிக்கிட்டு நிக்காவ, பாதிப் பேர் வாயை மூடிட்டாவ. நான் மூச்சை இழுத்து, கீபோர்டு நிக்க இடத்துல இருந்து பாடுதேன், சத்தமா.